அவள் முடி வெட்டிக்கொண்ட வருடம்

அந்தப் பாடகியின் முகத்தை நான் பார்த்த அளவுக்கு அவளைப் பெற்றவள்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அகன்ற நெற்றி, மேலுதட்டுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மச்சம், இடுப்பு வரைக்கும் விழுகிற பொன்னிற முடி. எட்டு மாதம் அந்த முகத்தோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்தேன். குரலை மட்டும் கேட்டதில்லை. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. இது பாட்டுக் கேட்கிற இடமா என்று முதலாளி கழற்றி வைத்திருந்தார்.

கோட்டா முறை ஒழிந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த காலம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுமதி செய்யலாம் என்று ஆனதும் திருப்பூரில் கார் ஷெட்டில்கூட பனியன் கம்பெனி தொடங்கினார்கள். நான் சேவூரிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். காலையில் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும் வேன் பொழுது சாய்ந்ததும் அதே வாசலில் இறக்கிவிடும். நடுவில் கம்பெனி காம்பவுண்டைத் தாண்டி என் கால் எங்கும் பட்டதில்லை. வயது இருபத்து மூன்று. ஆடை வடிவமைப்பில் பட்டம் வாங்கியிருந்தேன். என் வேலைக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். வெளிநாட்டுக்காரனுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வசவு வாங்குவதுதான் வேலை.

சேர்ந்த அன்று முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடித்ததும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கேட்டார். பட்டச் சான்றிதழ், பிளஸ் டூ மார்க் ஷீட், எல்லாவற்றையும் வாங்கி, தன் நாற்காலிக்குப் பின்னால் முருகன் படத்துக்குக் கீழே இருந்த பச்சை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் பக்கம் நிறையக் கம்பெனிகளில் அப்போது அதுதான் வழக்கம். வேலை கற்றுக்கொண்டு ஆறே மாதத்தில் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது தப்பாகவே படவில்லை. பேங்க் லாக்கரில் வைத்த மாதிரி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் அந்த ஆர்டர் வந்தது. தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்காரி அவள். சின்ன வயதிலிருந்தே ஸ்பானிஷில் உருகி உருகிப் பாடி ஊரையே அழவைத்தவளாம். அந்த வருடம் முதல் தடவையாக இங்கிலீஷில் ஒரு ஆட்டப்பாட்டு ஆல்பம் போட்டிருந்தாள். கறுப்பு முடிக்குப் பொன் பூசியதும் அதற்காகத்தான். ஐரோப்பா முழுக்கப் பெரிய பெரிய மைதானங்களில் கச்சேரி. அங்கே விற்பதற்கு அவள் முகம் போட்ட வெள்ளை டீ-சர்ட் பன்னிரண்டாயிரம் வேண்டும் என்று ஸ்பெயினிலிருந்து ஒரு வியாபாரி கேட்டிருந்தான்.

இந்த மாதிரி அச்சு வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் துண்டுத் துணியில் அடித்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு அவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான் மொத்தச் சரக்கையும் அடிக்க வேண்டும். எனக்குக் காலேஜில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். திருப்பூரில் யார் காத்திருந்தார்கள்? காத்திருந்தால் கப்பல் போய்விடும். சென்னை ஏஜென்ட் போனில் தலையாட்டினால் போதும், அச்சு டேபிளில் துணியை விரித்துவிடுவோம். எங்கள் ஏஜென்ட்டும் போனில் சொன்னார், வெள்ளைக்காரனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நீங்கள் அச்சை ஓட்டுங்கள், மெயில் பின்னால் வரும் என்று. நானும் ஓட்டச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாயிரமும் அடித்து, தைத்து, மடித்து, பெட்டியில் போட்டு ஒட்டியாயிற்று.

மூன்று வாரம் கழித்துத்தான் ஸ்பெயினிலிருந்து மெயில் வந்தது. ஆல்பம் படுத்துவிட்டது. இங்கிலீஷ்காரர்கள் அவளைக் கண்டுகொள்ளவில்லை. அவளுடைய பழைய ஜனங்கள் எங்கள் பாஷையை விட்டுவிட்டுப் போனவள்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரெண்டுங்கெட்டானாக நின்றாள். கச்சேரிகள் ரத்து, அதனால் டீ-சர்ட்டும் வேண்டாம். அச்சுக்கு நாங்கள் எழுத்தில் சம்மதம் தராததால் இந்தச் சரக்குக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தான். அவள் முகத்தை வேறு எங்கும் விற்கக் கூடாது என்று முன்னாலேயே கையெழுத்து வாங்கியிருந்ததால், மிஞ்சிய சரக்கு விற்கிற காதர்பேட்டையில் தள்ளிவிடவும் வழியில்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. வாய்ச்சொல்லை நம்பி ஓட்டச் சொன்னது நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

என் கெட்ட நேரம், அதே வாரத்தில்தான் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. காலேஜில் கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே ஒரு வெளிநாட்டு ஆபீசில் இருந்தாள். தோழி நிச்சயதார்த்தம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போய் நேர்முகத்தேர்வை முடித்து வந்தேன். எடுத்துக்கொண்டார்கள். பழைய கம்பெனி விடுவித்த கடிதமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் கொண்டு வர வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அந்த ஊரில் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பெண்கள் நாலைந்து பேராகப் பேசிக்கொண்டு நடந்து போனார்கள். யாரும் அவர்களை வேனில் ஏற்றவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ராஜினாமாக் கடிதத்தோடு முதலாளி முன்னால் நின்றேன். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஏதோ ஒரு முடிவு வந்திருக்கும். அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"உங்களப் போவேண்டாம்னு நான் சொல்லுவனுங்களா அம்மிணி. நல்லா இருங்க. இந்தச் சரக்கு மட்டும் வெளிய போவட்டுங்க. அன்னைக்கே உங்க சர்டிபிகேட்ட நானே எடுத்துக் குடுத்தர்றேன்."

எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் என் மேஜையை மாடிக்கு மாற்றியிருந்தார்கள், பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்கு. கீழே இடம் பத்தவில்லை என்றார் முதலாளி, மிகுந்த மரியாதையாக. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே ஒரு ஜன்னல், அதையும் பெட்டி மறைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட அவள் முகத்தைச் சின்னதாக ஒட்டியிருந்தார்கள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. அவர் சேவூர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆபீஸ் உதவியாளர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். எனக்காகப் பேசுகிறேன் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். அரை மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு பை, அதில் அவருக்கும் தம்பிக்கும் புது பனியன்கள். முதலாளி தங்கமான மனுசன், அறை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் என்றார். நீ எங்கேயும் போக மாட்டாய் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அழுகைகூட வரவில்லை. சாயங்காலம் வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பெங்களூர்க்காரர்களிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். கொடுத்தார்கள். அதற்குள் அவள் தலை தூக்கினால் எனக்கு விடுதலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் அவளைத் தேடுவது என் வேலையாகிவிட்டது. ஸ்பானிஷில் இருப்பதை ஒரு மொழிபெயர்ப்புப் பக்கத்தில் போட்டால் அரைகுறை இங்கிலீஷில் வரும். அதை நான் மனசுக்குள் தமிழாக்கிக்கொள்வேன். இரண்டு கை மாறி வருவதற்குள் அவள் சொன்னதில் பாதி வழியிலேயே கொட்டிப் போயிருக்கும். மிச்சத்தை வைத்து நான் ஒப்பேற்றிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் ஒரு செய்தியும் இல்லை. எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். தோற்றால் என்ன, எழுந்து நின்று நாலு பாட்டுப் பாட வேண்டியதுதானே, என்ன சீக்கு என்று மனசுக்குள் ஏசிக்கொண்டிருப்பேன். பிறகு ஒருநாள் அவள் பேட்டி ஒன்று கிடைத்தது. பாட்டுக் கம்பெனியோடு அவளுக்கு இன்னும் இரண்டு ஆல்பத்துக்கு ஒப்பந்தம் இருந்ததாம். இதே பொன் முடியோடு, இதே ஆட்டப்பாட்டுத்தான் பாட வேண்டும் என்றார்களாம். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். அப்படியானால் உன் பழைய பாட்டுகள் எல்லாம் எங்களுக்கே, இனி எந்த மேடையிலும் அவற்றை நீ பாடக் கூடாது என்றார்களாம். சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அதை நான் நாலைந்து தடவை படித்தேன். சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டுகள். அவற்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறாள். பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தேன். நானும் போகலாமே என்று முதல் தடவையாகத் தோன்றியது. சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, யுனிவர்சிட்டிக்கு நடந்தால் நகல் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் தொலையவில்லையே. மாடிப்படி இறங்கினால் முருகனுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதே. போலீஸ் ஸ்டேஷன் படியேறிப் பொய் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்பாவின் வாக்கு, ஊர்ப் பேச்சு என்று காரணங்களை நானே எண்ணி எண்ணிச் சேர்த்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம்.

அடுத்த வாரம் அவள் படம் வந்தது. ஒரு சின்ன அறை, ஒரு கிதார், கையால் தட்டுகிற ஒரு பெட்டி மேளம். தலையை ஒட்ட வெட்டி, முடி பழையபடி கறுப்பாக இருந்தது. வீடியோ நின்று நின்று ஓடியது. சத்தமில்லாமல் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. புதுப் பாட்டுகள், தன் பாஷையில், முந்நூறு பேர் உட்காரும் சின்ன அரங்குகளில். ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்களாம், டிக்கெட் கிடைக்கவில்லையாம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்த முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன். முடியை வெட்டித் தொலைத்துவிட்டாளே பாவி. பன்னிரண்டாயிரம் டீ-சர்ட்டிலும் இடுப்பு வரைக்கும் பொன் முடி தொங்கிக்கொண்டிருக்கிறதே.

பத்தாம் நாள் ஸ்பெயின்காரன் ஒன்றுமே நடக்காதது போல் மெயில் அனுப்பினான். அவளுடைய புதுத் தோற்றத்தில் டீ-சர்ட் வேண்டும். மூன்று கம்பெனிகளிடம் மாதிரி கேட்டிருந்தான், எங்களையும் சேர்த்து. பெங்களூர் கொடுத்த தவணையில் நாலு வாரம்தான் மிச்சம் இருந்தது.

நான் ஒரு டீ-சர்ட்டைத் தூக்கிக்கொண்டு பிரிண்டிங் மாஸ்டரிடம் ஓடினேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக விடாத எந்த ஆர்டரையும் தொட மாட்டார். அந்த முடியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் துணியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அழிக்கதுக்கு வழி கெடையாது தாயி. மேல போடலாம். அம்புட்டுதான்."

கருநீல மையை முகத்தை விட்டுவிட்டு முடியின் மேல் முழுக்கப் போட்டார். முகம் மட்டும் இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. முடி வெட்டிய மாதிரியேதான் இருந்தது. துவைத்துப் பார்த்தோம். பழைய மையின் மேல் புது மை பிடிக்காமல் வெடித்து, வெடிப்பு வழியே பொன் நிறம் கோடு கோடாக வெளியே தெரிந்தது. மாஸ்டர் மையில் அதை இதைக் கலந்து நாலு தடவை போட்டுப் பார்த்தார். நாலு தடவையும் வெடித்தது. ஐந்தாவது தடவை அவர் போடவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் வெடித்ததையே மாதிரியாக அனுப்பினேன். கூட ஒரு கடிதம். இது உங்களுக்காகவே அடித்து நீங்கள் வேண்டாம் என்ற அதே டீ-சர்ட், அவளுடைய பழைய முடியின் மேல்தான் புதிய மை இருக்கிறது, துவைத்தால் இப்படித்தான் வெடிக்கும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். தொழிலில் அப்படி எழுதக் கூடாது. முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு எனக்கு டீ கிடைத்திருக்காது.

பதில் எட்டாம் நாள் வந்தது. மாதிரி அவள் கைக்கே போயிருக்கிறது. அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, இதுதான் எனக்கு நடந்தது, இதையே போடுங்கள் என்றாளாம். பன்னிரண்டாயிரமும் வேண்டும். இந்தத் தடவை சம்மதம் எழுத்தில் இருந்தது. நான் அதை மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். மாஸ்டர் ஆட்களைத் தூங்கவிடாமல் பத்தே நாளில் அடித்து முடித்தார். பெட்டிகள் போகப் போக மாடி ஜன்னலில் வெளிச்சம் வந்தது. எதிர் கம்பெனி மொட்டை மாடியில் ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் தலை காயவைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிய அன்று பெங்களூர்த் தவணைக்கு மூன்று நாள் பாக்கி. முகம் கழுவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மேஜை மேல் இனிப்புப் பெட்டி இருந்தது. எழுந்து நின்று வரவேற்றார். இந்தக் கம்பெனியைக் காப்பாற்றிய மகாலட்சுமி என்றார். ஸ்பெயின்காரன் அவளுக்கே இன்னும் மூன்று டிசைன் கேட்டிருக்கிறான், அந்தக் கடிதம் எழுதிய பெண்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறான் என்றார். நான் சர்டிபிகேட் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தர மாட்டேங்கலீங்க. இந்த சீசன் முடியட்டுங்க. நீங்க இப்பப் போயிட்டா அந்தப் புள்ளையோட மூஞ்சி இங்க யாருக்குங்க தெரியும்?"

கேட்டிருக்கலாம். கொடுத்த வாக்கு என்ன ஆச்சு என்று மேஜையைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அவள் வெறுங்கையோடு எழுந்து போன மாதிரி நானும் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து பெங்களூருக்கு பஸ் ஏறியிருக்கலாம். இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆமாங்க என்றேன். அந்த ஆமாங்கவை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னை ஒரு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

பெங்களூரில் வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கீழே கண்ணாடி போட்ட தனி அறை கொடுத்தார் முதலாளி. மேனேஜர் என்று கதவில் எழுதினார்கள், சம்பளமும் ஏறியது. அப்பா வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். சீசன் முடிந்தது, அடுத்தது வந்தது. முதலாளி புதிதாக மேஜை நாற்காலி வாங்கியபோது பச்சை பீரோ என் அறைக்கு வந்து சேர்ந்தது, சாவியோடு. இனி ஆட்களை எடுப்பதும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கே திறந்து பார்த்தேன். முப்பது நாற்பது பேருடைய பைல்களுக்கு நடுவில் என்னுடையது இருந்தது. பட்டச் சான்றிதழை வெளியே எடுத்தேன். ஓரம் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, வேறு சேதமில்லை. யாரும் தடுக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கொஞ்ச நாளில் தாராபுரத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். என் காலேஜ்தான், அப்போதுதான் முடித்தவள். அவளுடைய அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் ஒரிஜினல்களைக் கேட்டேன். பைலை மடியிலிருந்து எடுத்தாள். ஆனால் நீட்டவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்னைப் போல் இல்லை, விவரமான பெண்.

"உங்களுதும் இங்கதான் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாங்க, இதே பீரோவில்தான் இருக்கிறது, ஐந்து வருடமாக என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பைலை என் கையில் கொடுத்துவிட்டாள்.